அக்கா கடை முக்கில் மாட்டிய றெக்கை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து மனம் நோக வேண்டாம். அந்த வளைவை நான் அளக்கவில்லை.

கையில் ஒரு டேப் இருந்தது. இடுப்பில் இன்னொரு டேப் தொங்கியது. பைக் பெட்டியில், தரையில் உருட்டி அளக்கிற சக்கரம் ஒன்றும் இருந்தது. இத்தனையும் இருந்தும் அளக்கவில்லை. பைக்கை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. "நம்ம தேரே இதுல திரும்பிரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிவத்தில் 'சரி' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்கு வடை தின்னப் போய்விட்டேன்.

வடை நன்றாக இருந்தது. அன்றைக்கு நான் ஒழுங்காக ஆய்வு செய்தது அதை மட்டும்தான்.

அதன் பலன் ஒரு மாதம் கழித்து வந்தது. வைகாசி வெயில். காலை டிபன் முடிந்து பாத்திரம் விளக்குகிற நேரம். சங்கரன்கோவில் பக்கம் போக வேண்டிய காற்றாலை இறக்கை ஒன்று, சோழபுரத்து முக்கில், என் அக்கா முத்துலட்சுமியின் தையல் கடைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அதன் தலை அக்கா கடை முன்னால் இருந்தது. வால் எங்கே என்று விசாரித்ததில், ரேஷன் கடையைத் தாண்டி என்றார்கள்.

ஊரில் அதை யாரும் இறக்கை என்று சொல்வதில்லை. றெக்கைதான். அவ்வளவு பெரிய றெக்கையை நான் அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தேன். வெள்ளையாக, வழவழவென்று, யாரோ ஒரு தெருவை உரித்து வண்டியில் ஏற்றிய மாதிரி கிடந்தது.

டிரெய்லரை ஓட்டி வந்தவர் நாமக்கல்காரர், பெயர் குப்புசாமி. நிதானமாக இறங்கினார். வளைவைப் பார்த்தார். றெக்கையைப் பார்த்தார். மஞ்சள் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த ரூட்ட அளந்தது யாருங்க?"

நான் திரும்பி, எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

மஞ்சள் கோட்டு வந்த கதை

இந்தத் தொடரை விடாமல் படித்து வரும் இரண்டு பேருக்கும் என் தொழில் வரலாறு தெரியும். (ஒருவர் என் மனைவி. இன்னொருவர் இந்தப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவர். இருவருமே கட்டாயத்தின் பேரில் படிக்கிறார்கள்.) செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தேன், ஊரில் எல்லோரும் போனிலேயே ரீசார்ஜ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். காடைப் பண்ணை வைத்தேன். காடைகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இப்படியாக நாட்டின் முன்னேற்றத்துக்கு நான் ஒவ்வொரு துறையாக வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே வந்ததில், கடைசியில் காற்றுத் துறை மிச்சம் இருந்தது.

காற்றாலை சாமான்களை ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனிக்கு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. 'ரூட் சர்வேயர்' என்று பெயர். றெக்கை வருவதற்கு முன் அது போகிற பாதை முழுக்கப் போய்ப் பார்த்து, எங்கே மரக்கிளை தாழ்ந்திருக்கிறது, எங்கே பாலம் குறுகல், எங்கே வளைவு இடிக்கும் என்று எழுதித் தர வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன், ராஜபாளையத்தில் படித்தவன், அக்காவைச் சோழபுரத்தில் கொடுத்திருக்கிறோம். இந்த மூன்று தகுதியையும் சொன்னேன். படித்ததில் என்ன தேறினேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏ.சி. போட்டு, திரையில் படம் காட்டினார்கள். காலையில் 'காற்று நம் எதிர்காலம்'. பிறகு 'பாதுகாப்பு நம் கையில்'. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் 'பாதையோர மக்களின் ஒப்புதலைப் பெறுவது எப்படி' என்று ஒரு பாடம். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பாடத்தில் என் மனம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அந்த ஓட்டல் சமையல்காரர்தான் பொறுப்பு. நான் எங்கேயும் இதைச் சொல்லத் தயார்.

காற்று யாருக்கு, காத்தாடி யாருக்கு

எங்கள் ஊர்களுக்கும் காற்றுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. பார்க்க அழகு. ஆனால் ஆனி, ஆடியில் வருகிற நல்ல காற்றை அது மறித்துக்கொண்டு எங்களுக்கு மிச்சம் மீதியைத்தான் விடுகிறது. கொஞ்சம் தெற்கே செங்கோட்டைக் கணவாயில் மலைக்கு ஒரு சந்து உண்டு. காற்று அந்தச் சந்து வழியாகப் புகுந்து நேராகச் சங்கரன்கோவில் பக்கம் போய்விடும். ஆக, காற்று அவர்களுக்கு. அதைப் பிடிக்கிற காத்தாடி போகிற வழி மட்டும் எங்களுக்கு.

ஆரம்பத்தில் வந்த காத்தாடிகள் சின்னவை. றெக்கையைச் சாதாரண லாரியில் கட்டி, பின்னால் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பஞ்சாலைக்காரர்கள்தான் முதலில் வாங்கி நிறுத்தினார்கள். மில் இங்கே ஓடும், அதற்கான காத்தாடி எங்கேயோ கரிசல் காட்டில் சுற்றும். "அங்க சுத்துனா இங்க எப்படிலே நூல் வரும்?" என்று டீக்கடையில் வருடக்கணக்கில் விவாதம் நடந்தது.

டீக்கடை விஞ்ஞானிகள் வேறு சில முடிவுகளுக்கும் வந்தார்கள். காத்தாடி மேகத்தைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் மழை இல்லை என்றார் ஒருவர். இல்லை, அது கரண்டில் ஓடுகிற ஃபேன், அம்புட்டுப் பெரிய ஃபேனைக் காட்டில் வைத்து யாருக்குக் காற்று வீசுகிறான் என்று கேட்டார் இன்னொருவர். மறு வருடம் பிளவக்கல் அணை நிரம்பியபோது, காத்தாடி மழையைக் கொண்டுவந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. விஞ்ஞானத்தில் ஒரு நேர்மை வேண்டும் அல்லவா.

பிறகு அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. கரண்டு இருக்கிற நேரத்தைச் சொல்வது சுலபமாக இருந்த காலம். அக்கா அப்போதுதான் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தாள். மோட்டாரைப் பூவும் பொட்டுமாக வைத்து, காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். காற்று சீசன் வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கரண்டு வரும். "காத்தாடி சுத்துது போலருக்குலே" என்பாள். எங்கள் குடும்பத்தில் காற்றாலையை முதலில் நம்பியவள் அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்போதுதான் என் சாதனையின் முழு அளவு விளங்கும்.

இப்போது பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பெரிதாக ஒன்றை நிறுத்துகிறார்கள். காத்தாடி வளர்ந்தது, றெக்கை வளர்ந்தது, டிரெய்லர் வளர்ந்தது. சோழபுரத்து முக்கு மட்டும் வளரவில்லை. அதைக் கவனித்துச் சொல்லத்தான் எனக்கு மஞ்சள் கோட்டு.

தேர்க் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு உலகத்தை அளக்க ஒரே ஒரு அளவுகோல்தான். ஆண்டாள் கோயில் தேர். ஒரு தெரு அகலமா என்று கேட்டால், தேர் போகும், போகாது என்போம். ஒருத்தர் உயரமா என்று கேட்டால்கூடத் தேரை இழுத்துவிடுவோம். மதுரைக்கு வேலைக்குப் போன என் சித்தப்பா மகன், அங்கே மேம்பாலத்தைப் பார்த்து முதலில் சொன்னது, "தேர் இடிக்கும்".

தேர் உயரம். அதனால் ஆடிப்பூரத்துக்கு முன்னால் ரத வீதிகளில் குறுக்கே போகிற ஒயரை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். முக்கில் தேர் திரும்பும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு, இம்மி இம்மியாக, நின்ற இடத்திலேயே திருப்புவார்கள். பார்த்து வளர்ந்த கண் இது. எனவே சோழபுரத்து முக்கைப் பார்த்ததும் என் கண் தானாக மேலே போனது. குறுக்கே ஒயர். படிவத்தில் 'மின் ஒயர் தாழ்வு, அன்றைக்கு மின்தடை அவசியம்' என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

தேர் நெட்டுக்குத்தலாக நிற்கும், றெக்கை படுத்துக்கொண்டு வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. படுத்துவருகிற சாமானுக்கு உயரத்தைப் பார்த்து நீளத்தை விட்டவன், காற்றாலை வந்த நாளிலிருந்து நான் ஒருவன்தான் என்று பிற்பாடு கம்பெனியில் சொன்னார்கள். ஏதோ ஒன்றில் முதலாவதாக வந்தேன்.

இன்னொன்றும் எழுதினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா கடை முன்னால் ஒரு சார்ப்பு உண்டு. இரும்புக் குழாய் நட்டு, மேலே தகரம் போட்டது. உள்ளே மெஷின் போடத்தான் இடம்; துணி வெட்டுகிற மேஜை எல்லாம் சார்ப்புக்குக் கீழேதான். அது ரோட்டுப் பக்கம் நன்றாகவே நீட்டிக்கொண்டிருக்கும். படிவத்தில் அப்படிப்பட்டதை எழுதினால், 'உரிமையாளர் ஒப்புதல் பெறப்பட்டதா?' என்று பக்கத்தில் ஒரு கட்டம் வரும்.

நம்ம அக்காதானே. அவளிடம் என்ன கேட்பது? வேண்டும்போது சொன்னால் கழற்றிவிட்டுப் போகிறாள்.

'பெறப்பட்டது' என்று டிக் அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். சுழித்து அழகாகவே போட்டேன்.

அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும்.

பெறப்பட்டது

றெக்கையோடு வந்த சைட் இன்ஜினியர் ஷீலா, நாகர்கோவில் பெண். சத்தமாகப் பேசாதவர், ஆனால் கோப்பு இல்லாமல் ஒரு அடி நகராதவர். குப்புசாமி அண்ணன் கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "அந்தச் சார்ப்பு மட்டும் போயிட்டா போதுமுங்க. செவுத்துக்கும் றெக்கைக்கும் ஒரு சாண் நிக்கும். நான் கொண்டு போயிருவேன்." ஷீலா கோப்பைப் புரட்டினார். என் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். நேராக அக்காவிடம் போய், நீங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டபடி சார்ப்பை எடுத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்.

அக்கா வெட்டு மேஜையில் இருந்தாள். கையில் கத்தரி. அன்றைக்கு அவளுக்கு இருந்த அவசரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் அதுவரை ராஜபாளையத்தில் ஒரு ரெடிமேட் கடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அக்கா மூன்று வருடம் நடையாக நடந்து, அந்த வருடம்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் அவளுக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: பள்ளி திறக்கிற அன்று ஒரு பிள்ளை கலர் டிரஸ்ஸில் வந்து நின்றாலும், அடுத்த வருடம் பழையபடி ரெடிமேட் கடைதான். பள்ளி திறக்க நடுவில் ஒரே ஒரு நாள்தான். சார்ப்புக்குக் கீழே ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, தைத்தது ஒரு வரிசை, வெட்டி வைத்தது ஒரு வரிசை, ஒவ்வொரு கட்டிலும் பெயர்ச் சீட்டு. ஒரு கட்டு மாறினால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒன்றாம் வகுப்பு டவுசர்.

"யாரு ஒத்துக்கிட்டா?" என்றாள் அக்கா.

ஷீலா கோப்பைக் காட்டினார். அக்கா கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நான் வேறு சந்தர்ப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"போன மாசமே சொன்னேன் மேடம். அக்கா மறந்துருப்பா" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவளைத் தெரியும். திட்டினால் சோறு உண்டு. பேசாமல் இருந்தால் சோறு இல்லை. கத்தரியை மேஜையில் வைத்தாள்.

"அந்தத் தாள்ல இருக்க உரிமையாளர் கடைக்குப் போயி அங்க சார்ப்பு இருந்தா பிரிச்சிக்கோங்க. இது என் கடை" என்று ஷீலாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். மோட்டார் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஓடவில்லை.

மின்தடை. அவசியம் என்று அடிக்கோடு போட்டு நான் எழுதிக் கேட்டு வாங்கிய மின்தடை. ஒயருக்கும் றெக்கைக்கும் நடுவில் ஒரு மாடி கட்டலாம், அவ்வளவு இடைவெளி. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாபெரும் திட்டத்தின் முதல் கட்டமாக, என் அக்கா கடையிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டிருந்தது.

அக்கா மோட்டார் பெல்ட்டைக் கழற்றினாள். காலால் மிதிக்க ஆரம்பித்தாள். டடக் டடக் என்று அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

கோபால் வந்து போனது

அதற்குள் றெக்கைக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் மினி வேன்கள், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று வால் நீண்டுவிட்டது. ரிவர்ஸ் எடுக்க வழி இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியம்மா தெலுங்கில் என்னை என்னவோ சொன்னார். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசியும் நான் கற்றுக்கொள்ளாமல் விட்டது அன்றைக்குத்தான் உதவியது.

நான் கூட்டத்தைச் சமாதானப்படுத்தினேன். இந்த றெக்கை நாட்டின் பசுமை எதிர்காலம், நாம் எல்லோரும் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் கேட்டதை அப்படியே சொன்னேன். எதிர்காலத்தை ஓரமா நிறுத்திட்டு பஸ்ஸை விடச் சொல்லுங்க என்றார் கண்டக்டர்.

வேறு வழி தெரியாமல் கோபாலுக்குப் போன் போட்டேன். என் கூட்டாளி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்களில் ஒருத்தன். அவ்வளவு பெரிய தேரை முக்கில் திருப்புகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று ஷீலாவிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தான். டிரெய்லரை ஒரு சுற்று நடந்து பார்த்தான். நடந்து முடிக்கவே நேரமானது. டயரைக் காலால் தட்டினான்.

"ரப்பர் டயருக்கு என்னத்தலே முட்டுப் போட" என்றான். பிறகு அக்கா கடையைப் பார்த்தான். உள்ளே மிதிக்கிற சத்தத்தைக் கேட்டான். நடந்தது என்ன என்று கேட்டான். சொன்னேன், டிக் உட்பட. அவனிடம் மறைக்க முடியாது. காடைப் பண்ணையில் பங்காளி.

"ஏலே, ரத வீதில பொறந்தவந்தான நீ? தேருக்கு முந்தி வீடு வீடா வந்து சொல்லுவோம்ல, சார்ப்பக் கழட்டி வைங்கன்னு. ஒங்க வீட்டுக்கும் வருசா வருசம் வாரோம். ஒங்கம்மா மோரு குடுத்து அனுப்பும். ஒரு வீட்ல முடியாதுன்னா, அவிய கழட்டுற வரைக்கும் வாசல்ல நிப்போம். சாமியே சொல்லிட்டுத்தான் வருது. நீ யாருலே?"

சொல்லிவிட்டு டீ குடித்தான். ஒரு வடையும் தின்றான். வடை நல்லாயிருக்கு என்றான். வந்த வழியே போய்விட்டான்.

தேரின் அகலம், உயரம், அது திரும்புகிற விதம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அதற்கு முந்தின வாரம் வாசலில் வந்து நிற்கிற அந்த நாலு பேர் மட்டும் என் கணக்கில் வரவே இல்லை.

காஸ் கட்டர்

திரும்பிப் பார்த்தால், டிரெய்லர் ஆட்கள் இரும்பை அறுக்கிற காஸ் கட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷீலாவைக் குறை சொல்ல மாட்டேன். மேலே இருந்து போன் மேல் போன். எஸ்கார்ட் வந்த போலீஸ்காரர் வேறு, ரோட்டில் நீட்டியிருப்பது ஆக்கிரமிப்பு என்று யோசனை சொன்னார். ஷீலா கையில் உரிமையாளர் ஒப்புதல் காகிதமாக இருந்தது. கடைக்குள் இருந்தவரோ மறதிக்காரப் பொதுமக்களில் ஒருவர்; அப்படி ஆக்கியவன் நான். பஸ்ஸில் வந்தவர்களும் "அறுத்து எறிங்கப்பா, எம்புட்டு நேரம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அக்கா வெளியே வந்தாள். சண்டை போடவில்லை. சார்ப்புக்குக் கீழே போய், ஒன்றாம் வகுப்புக் கட்டு இரண்டை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வைக்க இடமில்லாமல் மெஷின் மேலேயே வைத்தாள். மறுபடி வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வியர்வை என்றுதான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

கட்டரைப் பற்ற வைக்கிற அந்த 'டப்' சத்தம் கேட்டதும் என் கால் தானாக நடந்துவிட்டது. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு நெருப்பு என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். ஆனாலும் குழாய்க்கும் கட்டருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மேடம், அது நான் போட்ட டிக். அக்காகிட்ட நான் கேக்கவே இல்ல. போன மாசம் சொன்னேன்னு சொன்னதும் பொய்."

 பஸ் இன்ஜினை யாரோ அந்த நேரம் பார்த்து அணைத்துவிட்டார்கள். ஷீலா என்னைப் பார்த்த பார்வையில், என் மஞ்சள் கோட்டுக்கு அன்றைக்கே கடைசி நாள் என்று தெரிந்துவிட்டது. பேனாவை எடுத்து என் டிக்கின் மேல் ஒரு கோடு போட்டார். என் கையெழுத்தின் மேலும் ஒரு கோடு. கட்டரை அணைக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போனார்.

நானும் பின்னாலேயே போனேன். "நீ வெளிய நில்லு" என்றாள் அக்கா.

பஸ்ஸுக்குள் எட்டு வகுப்பு

உள்ளே என்ன பேசினார்கள் என்பது இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்ததில், அக்கா விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு போனாள். ஷீலா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடியாது என்று அக்கா சொல்லியிருந்தால், றெக்கையைத் தூக்கித் திருப்புகிற கிரேன் வந்து சேர மறுநாள் ஆகியிருக்கும். அதையும் ஷீலா அவளிடம் மறைக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். செத்த நேரம் கழித்து அக்கா வெளியே வந்து, நிற்கிற டவுன் பஸ்ஸைப் பார்த்தாள்.

"கண்டக்டர், ஒங்க பஸ்ஸு எப்பிடியும் சும்மாதான நிக்கி?"

ஒவ்வொரு வரிசை சீட்டுக்கும் ஒரு வகுப்பு. கண்டக்டர் வாசலில் நின்று, "மூணாப்பு முன்னால, ஆறாப்பு உள்ள போ" என்று விசிலோடு ஏற்றினார். இறங்கி நின்ற பயணிகள்தான் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். என்னைத் தெலுங்கில் வாழ்த்திய பெரியம்மா ஏழாம் வகுப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தரையும் தொடவிடவில்லை. நானும் ஒரு கட்டை எடுக்கப் போனேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள். கழற்றுகிற நட்டு போல்ட்டை எல்லாம் அதில் பத்திரமாகப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. பொறுப்பான வேலை.

சார்ப்பை யாரும் அறுக்கவில்லை. போல்ட் போல்ட்டாக, அக்கா கேட்டபடி, சேத்தூரிலிருந்து வந்த வெல்டர் கழற்றினார். அவர்தான் அதை முதலில் மாட்டியவர். பிறகு குப்புசாமி அண்ணன் ஏறி உட்கார்ந்தார். றெக்கை நகர்ந்தது. நடை பழகுகிற குழந்தையைவிட மெதுவாக. அக்கா தன் கடைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, றெக்கை கடந்து போகிற வரை அங்கேயே நின்றாள். இவ்வளவு பெரிய சாமான் போகும்போது ஒரு சத்தம் இருக்க வேண்டாமா? இல்லை. அதன் நிழல் மட்டும் சுவரில் ஏறி, அவள் மேல் ஊர்ந்து, இறங்கிப் போனது. குப்புசாமி அண்ணன் சொன்ன ஒரு சாண் இருந்ததா என்றால், என் கை சாணுக்கு இல்லை. அக்கா கை சாணுக்கு இருந்தது.

வால் தாண்டியதும் கூட்டம் கை தட்டியது. யாருக்கு என்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் நான் கும்பிட்டேன்.

சாயங்காலத்துக்குள் சார்ப்பு திரும்ப ஏறியது. கரண்டும் வந்தது. கம்பெனிக்கு இனி நான் தேவைப்படவில்லை; என் கோட்டை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை அக்கா கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்தேன். அவள் கேட்கவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன், அவள் விரட்டவில்லை. பேசவும் இல்லை. பள்ளி திறந்த அன்று எல்லாப் பிள்ளையும் யூனிஃபார்மில் வந்துவிட்டது. பிரார்த்தனைக் கூட்டத்தில் நாலாம் வகுப்பில் மட்டும் நாலைந்து பட்டன் உதிர்ந்ததாம். நாலாம் வகுப்பு என் பொறுப்பு.

அடுத்த வருடமும் அவளுக்குத்தான் கிடைத்தது. சார்ப்பு இப்போது மடக்குச் சார்ப்பு. இன்னும் எத்தனை றெக்கை வந்தாலும் முந்தின நாளே யாராவது வந்து சொல்கிறார்கள், அவள் மடக்கிவிடுகிறாள். முடியாது என்று ஒருமுறை திருப்பியும் அனுப்பியிருக்கிறாள். அன்றைக்குக் கடையில் கல்யாண பிளவுஸ் வேலை. டிரெய்லர் ஒருநாள் கழித்துத்தான் வந்தது.

போன வாரம் போயிருந்தேன். அக்கா வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். இந்த அத்தியாயத்தில் அவளைப் பற்றி வருகிறது என்று மெல்ல ஆரம்பித்தேன். பொய் சொன்னது, கட்டர், பட்டன் எல்லாமே வரும், மறைக்கப் போவதில்லை என்றேன். இந்த முறை அப்படி இல்லை, உன் சம்மதம் இல்லாமல் ஒரு வரி அச்சில் ஏறாது, யோசித்துச் சொல் என்று கொஞ்சம் குரல் தழுதழுக்கவே சொன்னேன்.

அக்கா குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அனுப்பிட்டுத்தானலே கேக்குறே."